எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள்

2023 டிசம்பர் 30 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, கிறிஸ் சேல் என்ற இடதுகைப் பிட்சரை (பந்து எறிபவரை) அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. வெறுமனே கொடுக்கவில்லை, அவருடைய சம்பளத்தில் 1.7 கோடி டாலரைத் தானே கட்டுவதாக ஒப்புக்கொண்டு அனுப்பியது. பதிலுக்கு வாங்கிக்கொண்டது வான் கிரிஸம் என்ற இளம் ஆட்டக்காரர் ஒருவரை. எனக்குத் தெரிந்த ரசிகர்களில் பெரும்பாலோர் அன்று பாஸ்டன் பக்கம்தான் நின்றார்கள். ஐந்து ஆண்டுக்கு 14.5 கோடி டாலர் ஒப்பந்தம். 2020 முதல் 2023 வரை நான்கு சீசனில் அவர் தொடங்கி வைத்த ஆட்டங்கள் 31. நல்ல உடம்புள்ள ஒரு பிட்சர் ஒரே சீசனில் ஆடிவிடும் கணக்கு அது. “இன்னும் எத்தனை நாள் இந்த ஆளுக்குப் படியளப்பது?” என்று என் நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார்.

நான் கோவையில் பிசியோதெரபி படித்து, அமெரிக்கா வந்து உரிமத் தேர்வு எழுதி, அரிசோனாவில் பிட்சர்களின் கைகளோடு வேலை செய்துவருகிறேன். இங்கே வெயில் அதிகம், மழை குறைவு. அதனால் பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகின் 30 அணிகளில் 15 அணிகள் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமை ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியே போடுகின்றன. காயம்பட்ட பிட்சர்கள் மற்ற மாதங்களிலும் அந்த முகாம்களிலேயே தங்கிக் கையைத் தேற்றிக்கொள்வார்கள். கல்லூரிப் பிள்ளைகள், மைனர் லீக் பையன்கள், எப்போதாவது மேஜர் லீக் ஆட்டக்காரர் என்று என் மேசையில் நீண்ட கைகள் பல ரகம். சேலின் கையை நான் தொட்டதில்லை. ஆனால் அவருடைய காயப் பட்டியலைப் படித்தபோது, பாஸ்டன் தவறு செய்கிறது என்று எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதை இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த வழியிலேயே சொல்கிறேன்.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஓர் அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள் ஐந்து பேர். சுழற்சியாக ஒவ்வொருவரும் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவார். வந்தால் 90, 100 பந்துகள் முழு வேகத்தில் வீசுவார். இந்த ஐவரில் முதல் தரத்தில் உள்ளவருக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு கோடி டாலர் வரை சம்பளம். கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பணம் உறுதி. பிட்சர் கட்டிலில் படுத்திருந்தாலும் கட்டியாக வேண்டும்; காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளமும் அணியின் ஆடம்பர வரிக் கணக்கில் (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) சேரும். அதனால்தான் “வைத்துக்கொள்வதா, விடுவதா” என்ற கேள்வி ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏதாவது ஓர் ஊரில் கொதிக்கிறது.

அந்தக் கேள்விக்கு வரும் பெரும்பாலான பதில்கள் நாட்களை எண்ணுகின்றன. போன வருடம் இத்தனை நாள் படுத்தான், அதற்கு முந்தின வருடம் இத்தனை நாள், ஆகவே இவன் உடையும் உடம்பு. எங்கள் தொழிலில் நோயாளி உள்ளே வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அது இல்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்போம். அறுபது நாள் விரல் எலும்பு முறிந்து படுத்தவனும், அறுபது நாள் தோள்மூட்டின் உறை கிழிந்து படுத்தவனும் பட்டியலில் ஒரே அறுபதுதான். என் மேசையில் அவர்கள் இரண்டு வேறு மனிதர்கள்.

முழங்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிட்சர்களின் வாழ்க்கை அங்கேதான் அதிகம் திரும்புகிறது. பந்து விரலை விட்டுப் போவதற்கு முன் தோள் பின்னால் வளைந்து, முன்கை கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் பின்புறம் சாய்ந்து நிற்கும். அங்கிருந்து கை நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி வேகத்தில் முன்னோக்கிச் சுழல்கிறது. மனித உடம்பு செய்யும் அசைவுகளில் இதைவிட வேகமானது ஒன்றை நான் படித்ததில்லை. அந்த நேரத்தில் முழங்கையின் உள்பக்கத்தில் விழும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர்களின் கைகளை வைத்து ஆய்வகத்தில் சோதித்தபோது, அந்த இடத்தில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் தனியாகத் தாங்கியது இதில் பாதிதான். மிச்சப் பாதியை முன்கைத் தசைகள் தாங்குகின்றன. தசை களைத்தால் பாரம் முழுவதும் லிகமென்ட் மேல் இறங்கும். ஒருநாள் அது அறுந்துபோகும்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் இதை பும்ராவோடு ஒப்பிட்டு என்னிடம் பேசுவார்கள். 2023இல் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது; 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பெலும்பும் முதுகெலும்பும் போகும், கை போவது அரிது. முழங்கையை மடக்கி நீட்டி எறிய விதி அவரை விடாது. பிட்சர் எறிகிறார். அதனால் அவருக்கு முழங்கையும் தோளும் போகின்றன. எத்தனை ஆட்டம் ஆட விடுவது என்ற கணக்கு மட்டும் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றே.

1974 வரை அந்த லிகமென்ட் அறுந்தால் பிட்சரின் வாழ்க்கை முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு, டாக்டர் ஃபிராங்க் ஜோப் இன்னொரு கையின் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் கோத்துக் கட்டினார். (கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள், நடுவில் கயிறு மாதிரி புடைக்கிறதே, அதுதான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்குத் தொடையிலிருந்து எடுப்பார்கள்.) ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் வந்தவை. இன்று அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான்.

அறுவை முடிந்து நான்கைந்து மாதம் பந்தையே தொடக்கூடாது. பிறகு 45 அடி தூரத்துக்கு மெல்ல எறிதல். 60 அடி, 90 அடி, 120 அடி என்று வாரக்கணக்கில் நகர்ந்து, ஒன்பதாம் மாதம் வாக்கில் பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி நிற்பார்கள். ஆட்டத்துக்குத் திரும்ப ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. இந்தக் காலத்தில் என் வேலையில் பாதி, அவசரப்படும் ஆளைப் பிடித்து நிறுத்துவது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 45 அடி எறிதல் அவமானமாக இருக்கும். பக்கத்தில் இன்னொருவன் மேட்டில் நின்று வீசுவதைப் பார்த்தால் இவனுக்குக் கை துடிக்கும். ஆனால் முறையாக வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி ஆடுகிறார்கள். அதனால் முதல் முறை முழங்கை அறுந்தவனை, வயதும் தசையும் சரியாக இருந்தால், விட்டுவிடாதீர்கள் என்பேன். அது பழகிய பழுது. வழி தெரியும்.

இப்போது சேலின் பட்டியலைப் பாருங்கள். 2020இல் டாமி ஜான் ஆபரேஷன், 2021இல் திரும்பினார். 2022 தொடக்கத்தில் விலா எலும்பில் விரிசல். ஜூலையில் களத்துக்கு வந்தார். யாங்கி மைதானத்தில் மட்டையிலிருந்து பாய்ந்துவந்த பந்து இடது சுண்டுவிரலை முறித்தது. அது ஆறிக்கொண்டிருக்கும்போது ஆகஸ்டில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அது அவர் வீசும் கையே இல்லை. 2023இல் தோள்பட்டை எலும்பில் அழுத்தக் காயம், இரண்டு மாதம் ஓய்வு. மீண்டு வந்து 20 ஆட்டம் முடித்தார். நாட்களைக் கூட்டினால் பயமாக இருக்கும். இடங்களைப் பார்த்தால்? ஒரு லிகமென்ட், அது சரிசெய்யப்பட்டுவிட்டது. மற்றதெல்லாம் எலும்பு. எலும்பு கூடும். தோள்மூட்டின் உள்ளே கிழிசல் இல்லை, நரம்பில் பழுது இல்லை. பந்தின் வேகமும் பெரிதாக இறங்கவில்லை.

2024இல் அட்லாண்டாவுக்காக அவர் 29 ஆட்டம் தொடங்கினார். 18 வெற்றி, 3 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.38 ஓட்டம், 225 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமல் வெளியேற்றுவது). வெற்றி, சராசரி, ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் நேஷனல் லீகில் முதலிடம். ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. பாஸ்டனுக்குப் போன கிரிஸம் தொடைத் தசைக் காயத்தால் அந்த ஆண்டு 31 ஆட்டங்கள்தான் ஆடினார். இதையும் சொல்ல வேண்டும்: சீசன் முடிவில் சேலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பிளேஆஃபில் ஆடவில்லை. 2025 ஜூனில் தரையில் பாய்ந்து பந்தைப் பிடிக்கப்போய் விலா எலும்பு முறிந்தது. அவர் இனி விழவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. விழுந்தால் எழுந்துவிடக்கூடிய காயங்கள் அவருடையவை என்றுதான் சொல்கிறேன்.

தோள் வேறு கதை. முழங்கை கதவுக் கீல் போல ஒரு பக்கம் மடங்கும் மூட்டு. தோள் எல்லாப் பக்கமும் சுழலும். அதைப் பிடித்துவைப்பது தசைகளும் ஒரு மெல்லிய உறையும். அங்கே கிழிந்தால் இறுக்கித் தைக்கலாம். ஆனால் பிட்சருக்கு வேண்டியது தளர்வும் இறுக்கமும் சேர்ந்த ஓர் அளவு. அறுவை மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்த அளவைத் திருப்பித் தருவது கடினம். எங்கள் அரிசோனா டைமண்ட்பேக்ஸின் பிராண்டன் வெப் 2006இல் சை யங் வென்றவர். 2009 சீசனின் முதல் ஆட்டத்தில் வீசினார், தோள் வலித்தது. மேஜர் லீகில் அதுதான் கடைசி ஆட்டம். 2010க்கான அவருடைய 85 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை அணி நீட்டித்தது. அந்த ஆண்டு மேஜர் லீகில் அவரால் ஒரு பந்தும் வீச முடியவில்லை.

நியூயார்க் மெட்ஸின் யோஹான் சன்டானாவும் அப்படித்தான். 2008இல் ஆறு ஆண்டுக்கு 13.75 கோடி டாலர். 2010 செப்டம்பரில் தோள் உறை கிழிந்து, 2011 முழுவதும் போய், 2012 ஜூன் 1 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 134 பந்துகள் வீசி மெட்ஸ் வரலாற்றில் முதல் நோ-ஹிட்டரை முடித்தார். அடுத்த வசந்தத்தில் அதே உறை மீண்டும் கிழிந்தது. அவர் மேஜர் லீகுக்குத் திரும்பவே இல்லை.

கெர்ஷாவைச் சொல்லி என்னை மடக்குபவர்கள் உண்டு. கிளேட்டன் கெர்ஷாவுக்கு 2023 நவம்பரில் தோளில்தான் அறுவை நடந்தது. 2025இல் டாட்ஜர்ஸுக்காக 11 வெற்றி, 2 தோல்வி. அந்த ஜூலையில் 3,000ஆவது ஸ்ட்ரைக் அவுட். உண்மைதான். ஆனால் வேகம் குறைந்து, மூளையாலும் துல்லியத்தாலும் வென்றார். டாட்ஜர்ஸ் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கவும் இல்லை. 2025க்கு உறுதியான பணம் 75 லட்சம் டாலர். மேற்கொண்டு அவர் ஆட ஆடக் கூடும். தோள் காயப்பட்ட பெரிய ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் முறை இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கும் மரியாதை, அணிக்கும் நஷ்டமில்லை.

நரம்புக்கு இந்த வழியும் இல்லை. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு வேர்ல்ட் சீரிஸ் என்ற லீகின் இறுதிக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர், தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அந்த டிசம்பரில் ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர். அந்த ஆண்டு 209 இன்னிங்ஸ் வீசியிருந்தாரே, உடம்பு நன்றாகத்தானே இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் 2018இலேயே கழுத்து நரம்பு அழுந்தி அவர் காயப் பட்டியலில் இருந்தார். ஒப்பந்தத்துக்குப் பின் 2020இல் மணிக்கட்டு நரம்புக்கு அறுவை. 2021இல் கழுத்துக்கும் முதல் விலாவுக்கும் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும் கோளாறு என்று தெரிந்து மறுபடி அறுவை. கையெழுத்திட்ட பிறகு அவர் தொடங்கியது எட்டு ஆட்டம். 2024 ஏப்ரலில் ஓய்வு பெற்றார்.

இந்த நரம்புக் கோளாறு உள்ள பையன்களை நான் பார்த்திருக்கிறேன். “விரல் மரத்துப்போகுது, பந்து கையில இருக்கா இல்லையான்னே தெரியலை” என்பார்கள். தசை பலவீனத்துக்குப் பயிற்சி கொடுக்கலாம். பந்தை உணராத விரலுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? அந்த வரியைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

பிட்சர்கள் வலியை மறைப்பார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். “எப்படி இருக்கு?” என்று கேட்டு முடிப்பதற்குள் “நல்லா இருக்கு” என்று பதில் வரும். மைனர் லீக் பையனுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை, இடம் போய்விடும். அதனால் நான் வாயைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. தோளை உள்ளும் வெளியும் சுழற்றி அளப்பேன்; இரண்டு கைக்கும் மொத்த அளவு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். கையடக்கக் கருவியால் தசையின் பலத்தை அளப்பேன். நேற்று வீசியவன் இன்று காலை கதவுப்பிடியை எந்தக் கையால் திறக்கிறான் என்று பார்ப்பேன். பெரும் ஒப்பந்தத்தை முடிவு செய்பவர்கள் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவார்கள். வலியே இல்லாமல் நன்றாக வீசும் பிட்சரைப் படம் எடுத்தாலும் முழங்கை லிகமென்டில் தேய்மானம் தெரியும். வேலை செய்த கை அப்படித்தான் இருக்கும்.

இனி பணத்துக்கு வருகிறேன். ஒருவரை விட்டால் அந்த இடத்தில் யார் வருவார் என்று ரசிகர்கள் கேட்பதே இல்லை. மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் இரண்டு முறை சை யங் வென்றவர். 2021இலும் 2022இலும் பாதிக்கு மேல் காயத்தில் இருந்தார். 2022 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஐந்து ஆண்டுக்கு 18.5 கோடி டாலர் கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அந்த இடத்துக்கு மெட்ஸ் பிடித்தது 39 வயது ஜஸ்டின் வெர்லாண்டரை, இரண்டு ஆண்டுக்கு 8.6 கோடி டாலருக்கு மேல். அவரும் சீசன் தொடங்குமுன் தோளருகில் தசைப்பிடிப்பில் விழுந்து முதல் மாதம் ஆடவில்லை. ஆகஸ்டில் அவரையும் விற்றுவிட்டார்கள். மேஜர் லீகே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, பிட்சர்கள் காயப் பட்டியலில் சேர்ந்த எண்ணிக்கை 2005இல் 212, 2024இல் 485. சராசரி வேகப்பந்து 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2. எல்லாரும் முழு மூச்சாக எறிகிறார்கள், எல்லாருடைய கையும் தேய்கிறது. காயம்பட்ட பிட்சரை விட்டுவிட்டு, காயமே படாத ஒருவரைக் கடையில் வாங்க முடியாது.

அதனால் வைத்துக்கொள்வதா என்பதோடு, எந்த ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வது என்றும் கேட்க வேண்டும். ஜான் லாக்கியை 2009 டிசம்பரில் ஐந்து ஆண்டுக்கு 8.25 கோடி டாலருக்கு எடுத்தபோது, அவருடைய முழங்கையில் பழைய தொல்லை இருப்பதை பாஸ்டன் அறிந்திருந்தது. அந்த முழங்கையால் நீண்ட காலம் ஆட முடியாமல் போனால், ஆறாம் ஆண்டு லீகின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆட வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதினார்கள். 2012 முழுவதும் டாமி ஜான் ஆபரேஷனில் போனது. 2013இல் வேர்ல்ட் சீரிஸின் முடிவாட்டத்தை வென்று கொடுத்தார். பின்னர் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாறி, 2015இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்தில் 218 இன்னிங்ஸ் வீசினார், சராசரி 2.77. காயத்தை நேர்மையாக முன்வைத்துப் பேசி எழுதிய ஒப்பந்தத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

டிகிராமுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்று என்னிடம் அதிகம் கேட்கப்படும் பெயர் அவருடையது. ரேஞ்சர்ஸுக்காக 2023இல் ஆறு ஆட்டம், பிறகு இரண்டாவது டாமி ஜான். முதலாவது 2010இல், மைனர் லீகில் இருந்தபோது. அவர் இல்லாமலேயே ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டு தன் முதல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்றது. “பணம் தண்டம்” என்றார்கள். 2024இல் மூன்று ஆட்டம். 2025க்கு முன், இனி எல்லாப் பந்தையும் உச்ச வேகத்தில் எறியப்போவதில்லை என்று அவரே சொன்னார். அந்த ஆண்டு 37 வயதில் 30 ஆட்டம், 12 வெற்றி, சராசரி 2.97.

என் கருத்தைக் கேட்டால் இதுதான். சேலை பாஸ்டன் வைத்திருந்திருக்க வேண்டும். கழுத்து நரம்பில் அடையாளம் தெரிந்த பிறகு ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழு ஆண்டு கொடுத்திருக்கக் கூடாது. டிகிராமை 2027இல் ஒப்பந்தம் முடியும்வரை ரேஞ்சர்ஸ் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் முறை கட்டிய முழங்கை அது, அதன்பின் ஒவ்வோர் ஆண்டாகத்தான் பேச வேண்டும், ஆடும் ஆட்டத்துக்கு ஏற்பச் சம்பளம் கூடுகிற மாதிரி. தோளோ நரம்போ என்று மருத்துவர் சொன்னால், அன்றே நீண்ட ஒப்பந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.